இளைப்பாற வந்தவர்கள்

திருக்குடும்ப விழா மறையுரை



இன்றைய நற்செய்தியில் எருசலேம் கோவிலுக்குள் ஒரு குடும்பம் நுழைகிறது. யோசேப்பு, மரியா, கைக்குழந்தையாக நம் ஆண்டவர். அவர்களை எதிர்கொள்ள இரண்டு முதியவர்கள், சிமியோனும் அன்னாவும். இவர்களை நாம் நன்றாக அறிவோம். ஆனால் அங்கே இன்னும் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. யோசேப்பின் கையில் ஒரு சோடிப் புறா. லூக்கா அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். நாம் இன்று அந்தப் புறாக்களின் அருகே சற்று நிற்போம்.

பிள்ளை பெற்ற தாய் ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்றும் புறா ஒன்றும் கொண்டுவர வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம். ஆட்டுக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களோடு வந்தால் போதும். மரியா அப்படித்தான் வந்தார். உலகத்தின் மீட்பரை ஏந்தி வந்த வீட்டில் ஆட்டுக்குட்டி வாங்கப் பணமில்லை. பின்னாளில் அதே கோவிலில் ஆண்டவர் வியாபாரிகளை விரட்டியதை யோவான் எழுதியிருக்கிறார். ஆடுமாடுகளை ஓட்டினார், காசைக் கொட்டினார், மேசைகளைக் கவிழ்த்தார். புறா விற்றவர்களிடம் மட்டும் இவற்றை இங்கிருந்து எடுத்துப் போங்கள் என்று வாயால் சொன்னார். கூண்டுக்குள் இருந்த உயிர்களை நினைத்தே அப்படிச் சொன்னார் என்று நான் நம்புகிறேன். தம் தாய் தமக்காகச் செலுத்திய காணிக்கை என்பதும் அவர் மனத்தில் இருந்திருக்கும்.

கவலைப்படாதீர்கள் என்று சொன்ன கையோடு வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். நம்மில் எத்தனை பேர் அவர் சொன்னபடி பார்த்திருக்கிறோம்? செபிக்கச் சொன்னார், செபிக்கிறோம். கொடுக்கச் சொன்னார், இயன்றதைக் கொடுக்கிறோம். பறவையைப் பார்க்கச் சொன்னதை உவமை என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இதை இன்று சொல்லக் காரணம் இருக்கிறது. அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. உங்களில் பல குடும்பங்கள் வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் புறப்படுகின்றன. மாதாவைப் பார்த்துவிட்டு மறுநாள் கோடியக்கரைக்கும் போய்க் கடலும் பறவையும் பார்த்து வரலாம் என்று திட்டம். ஒரு அம்மா தயங்கியபடி கேட்டார்கள்: "சாமி, திருப்பயணத்தோடு சுற்றுலாவையும் கலக்கலாமா?"

தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா. மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் சீடர்கள் பணிமுடித்துத் திரும்புகிறார்கள். வருவோரும் போவோருமாக இருந்ததால் அவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனிமையான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்ந்திருக்கும்படி ஆண்டவரே அவர்களை அழைக்கிறார். அவர்கள் படகேறிப் போகிறார்கள். உழைத்துக் களைத்தவர்கள் நீர்க்கரையில் இளைப்பாற வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

ஆனால் கடவுள் தரும் ஓய்வு ஒருவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஓய்வுநாள் கட்டளையை மறுபடி வாசித்துப் பாருங்கள். நீ, உன் மகன், உன் மகள், உன் வேலையாள்கள், உன் கால்நடைகள், உன் ஊரில் தங்கிய அந்நியர் என்று வரிசையாகச் சொல்கிறார். அதில் மனைவி என்று தனியே இல்லை. அவள் மட்டும் வேலை செய்யட்டும் என்று பொருள்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. கணவனையும் மனைவியையும் சேர்த்தே அவர் அழைக்கிறார். விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரம் இன்னும் தூரம் போகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட வேண்டும். அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும்; அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்கிறார். நம்மைச் சேராத, நமக்குப் பயன்படாத உயிர்களுக்கும் நம் ஓய்வில் பங்கு வைத்திருக்கிறார் கடவுள். கடற்கரைக்குப் போகும் குடும்பம் இதை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

கோடியக்கரையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே வேதாரண்யம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்த ஊர். பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கும். அவற்றையும் தாண்டிப் போனால், வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்த கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை வரும். அதுதான் கோடியக்கரை. ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை, உள்ளே வெளிமான்கள் மேயும் காடு. 1967இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் சாய்ந்தன, மான்களும் மடிந்தன. அந்த மண் இன்னும் உயிர்களை ஏந்திக்கொண்டிருக்கிறது.

இந்த மாதங்களில் அங்கே யார் வந்திருக்கிறார்கள் தெரியுமா? ஆழமில்லாத உவர்நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டித் தின்னும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே தின்னும் இரையிலிருந்து வருவது. நம் நாட்டில் அவை பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, உப்புக்கொத்தி எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகளே, பெயரெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். காலின் நீளத்தைப் பாருங்கள், அலகின் வளைவைப் பாருங்கள், எது நடந்து தின்கிறது, எது பாய்ந்து பிடிக்கிறது என்று கவனியுங்கள். ஒரே சேற்றில் ஒவ்வோர் அலகுக்கும் ஓர் ஆழத்தில் இரை வைத்த தந்தையின் கை உங்களுக்குத் தெரியவரும்.

அந்தச் சேற்றின் விளிம்பில் ஓடியோடிக் கொத்தும் ஒரு பொடிப்பறவை இருக்கிறது. கொசு உள்ளான் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். முப்பது கிராம்கூடத் தேறுவது அரிது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பகுதியில், சைபீரியாவின் வடகோடித் தரிசுகளில். அங்கே குளிர் இறுகும் முன் புறப்பட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வருகிறது. வளர்ந்த பறவைகள் முன்னே வந்துவிடும். அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள் பின்னால் வரும், முன்பின் பார்த்திராத பாதையில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு இவற்றின் பயணங்களை ஆராய்ந்துவருகிறார்கள். வானத்து நாரையும் புறாவும் தங்கள் காலத்தை அறிந்திருக்க, என் மக்களோ ஆண்டவரின் நீதித் தீர்ப்பை அறியவில்லையே என்று எரேமியா வழியாகக் கடவுள் வருந்துகிறார். இந்தப் பொடிப்பறவையைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வருத்தம் இன்னும் கூர்மையாகக் குத்துகிறது.

கொசு உள்ளான் நம் கரைக்கு வருவது ஏன்? நீங்கள் வருவது ஏனோ, அதே காரணத்துக்காகத்தான். இளைப்பாற வருகிறது. நெடும்பயணத்தில் தேய்ந்த இறகுகளை உதிர்த்துப் புது இறகு முளைக்க வைக்க வேண்டும். வசந்தத்தில் திரும்பிப் பறக்க உடலில் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். நீர் வற்றும் சில மணி நேரத்துக்குள் அது வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நான் கடற்கரைகளில் பலமுறை பார்த்தது. ஒரு குடும்பம் வண்டியை விட்டு இறங்குகிறது. கரையோரம் நூற்றுக்கணக்கில் பறவைகள். அப்பா கைப்பேசியை எடுத்துக்கொண்டு, "ஓடு, ஓடு, பறக்கவிடு" என்று பிள்ளையை ஏவுகிறார். பிள்ளை கைகொட்டிக் கத்திக்கொண்டு ஓடுகிறது. கூட்டம் முழுவதும் எழுந்து வட்டமிடுகிறது. அழகான காணொளி கிடைத்துவிட்டது. அந்தப் பறவைகளோ காலையிலிருந்து தின்று சேர்த்ததில் ஒரு பங்கை அந்த ஓட்டத்தில் செலவழித்துவிட்டன. அடுத்த வண்டியிலும் இன்னொரு பிள்ளை வருகிறது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. பெரியவர்களாகிய நாம் கற்றுத்தரவில்லை. ஓய்வுக்கு வந்த நாம், ஓய்வுக்கு வந்த இன்னோர் உயிரை விரட்டுவது ஓய்வுநாளின் ஆண்டவருக்கு ஏற்றதன்று.

விவிலியத்தின் முதல் ஆசீர் யாருக்குக் கிடைத்தது என்று மறைக்கல்விப் பிள்ளைகளைக் கேட்டால் ஆதாமுக்கு என்பார்கள். தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஐந்தாம் நாளில் கடவுள் கடலின் உயிர்களையும் வானத்துப் பறவைகளையும் படைத்து அவற்றுக்கு ஆசி வழங்குகிறார். மனிதர் வருவது அதற்கு மறுநாள். அந்தக் கரையில் அவை நமக்கு மூத்த குடிகள். நம் மீனவச் சகோதரர்களுக்கு இது புதிதன்று. ஆலா எங்கே கூடிக் குத்துகிறது என்று பார்த்து மீன் இருக்கும் இடம் அறிந்தவர்கள் அவர்கள். நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் பறவை பார்த்தல் அவர்களுக்குப் பிழைப்பு.

இப்போது இணைச் சட்டத்தின் 22ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். இதை நான் இந்தப் பீடத்திலிருந்து இதுவரை பேசியதில்லை. வழியில் ஒரு பறவைக்கூட்டைக் காண்கிறாய், தாய்ப்பறவை முட்டைகள் மேலோ குஞ்சுகள் மேலோ அமர்ந்திருக்கிறது. அப்படியானால் தாயைப் பிடிக்காதே, போகவிடு என்கிறது சட்டம். அப்படிச் செய்தால் என்ன கிடைக்கும்? உனக்கு நலமாகும், நீ நெடுநாள் வாழ்வாய். இதே நூலின் 5ஆம் அதிகாரத்தில், தாய் தந்தையை மதிப்பவருக்கும் இதே இரண்டு கொடைகள்: நலமும் நீண்ட வாழ்வும். இன்று முதல் வாசகத்தில் சீராக்கும் தந்தையைப் போற்றுவோருக்கு நீடிய வாழ்வு உண்டென்று உறுதியளித்தார். பெற்ற தாயை மதிப்பதற்கும் கூட்டில் இருக்கும் ஒரு தாய்ப்பறவைக்கு இரங்குவதற்கும் கடவுள் ஒரே பரிசை வைத்திருக்கிறார். இது சின்னச் செய்தி இல்லை. 2015இல் நம் பொது இல்லமாகிய பூமியைப் பேணுவது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலில், பறவைக்கூட்டைப் பற்றிய இந்தச் சட்டத்தையும் கால்நடைகளுக்கு ஓய்வு தரும் கட்டளையையும் சேர்த்தே நினைவூட்டுகிறார்.

மே மாத விடுமுறையில் கடற்கரைக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் ஆலாக்களும் ஆள்காட்டியும் வெறுந்தரையில், மணல் நிறத்திலேயே முட்டையிடும். நடக்கும்போது ஒரு பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் அங்கே நிற்காதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். அது தாய், உங்களிடம் கெஞ்சுகிறது.

புறாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. புறா தன் குஞ்சுக்கு முதல் நாள்களில் தானியம் ஊட்டுவதில்லை. தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைத்தான் ஊட்டும். தாய்ப்புறாவுக்கும் சுரக்கும், தகப்பன் புறாவுக்கும் சுரக்கும். பூநாரையும் அப்படியே; குஞ்சை வளர்க்கும் காலத்தில் தாய்க்கும் தகப்பனுக்கும் உடலின் சிவப்பே வெளிறிப்போகும். யோசேப்பு கோவிலுக்கு எடுத்துச் சென்றது இப்படிப்பட்ட பறவையை. நற்செய்தியில் ஒரு சொல்கூடப் பேசாத அந்த மனிதர் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார், திரும்பிவந்தார், தச்சுத்தொழில் செய்து வளர்த்தார். வளர்ப்பதில் தம்மையே கரைத்தவர் அவர்.

அப்பாமார்களே, உங்களிடம் நேராகவே பேசுகிறேன். வேன் புறப்படும் நாளில் உங்கள் வீட்டில் விடியுமுன் எழுந்து புளியோதரை கட்டியது யார்? விடுதி அறையில் ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டது யார்? எல்லாரும் கடலில் நிற்கும்போது மணலில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பது யார்? விடுமுறை என்று பெயர். உங்கள் மனைவிக்கு வேலை செய்யும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த முறை பைகளுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அவர் போய் அலையில் கால் நனைக்கட்டும், விரும்பிய மட்டும் நிற்கட்டும். இரவெல்லாம் வண்டி ஓட்டிவந்த ஓட்டுநரையும் மறக்காதீர்கள். அவரும் ஒரு வீட்டின் தகப்பன். தனியே ஓரமாகச் சாப்பிட விடாமல் உங்கள் வரிசையில் அவருக்கும் இலை போடுங்கள். தூங்குவதற்கு ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள்.

இன்னொரு கடமையும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் திருச்சபை திருக்குடும்ப விழாவைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தது. அன்று காலை ஆழிப்பேரலை வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வேளாங்கண்ணிக்கு வந்து கரையில் நின்ற குடும்பங்களைக் கடல் கொண்டுபோயிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000க்கும் மேல். மீனவக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு இழப்பு. அவர்கள் ஏன் மாண்டார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர்களைப் பழிப்பதுபோல் ஒரு விளக்கமும் சொல்ல எவரையும் விடமாட்டேன். நீங்கள் அந்த நீரில் கால் வைக்கும் முன் குடும்பமாக நின்று அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறை மந்திரமும் சொல்லுங்கள். நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளிக்கும்படி கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள். அலை எழும்பும் பக்கம் அவர்களைத் தனியே விடாதீர்கள்.

கடைசியாகச் சிமியோனிடமும் அன்னாவிடமும் வருகிறேன். அன்னாவுக்கு 84 வயது என்கிறார் லூக்கா. அன்று கோவிலில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். காணிக்கை செலுத்துவோர், விலை பேசுவோர், அவசரமாகப் போவோர். ஓர் ஏழைக் குடும்பம் இரண்டு புறாக்களோடு வந்ததை அவர்கள் பார்த்திருக்கலாம். அந்தக் குழந்தை யாரென்று கண்டுகொண்டவர்கள் இந்த இரண்டு முதியவர்கள்தான். நெடுநாள் காத்திருந்து பழகிய கண்கள் அவை.

கடற்கரையிலும் இதுவே நடக்கும். ஓடுகிறவர்களிடமிருந்து பறவைகள் விலகிப்போகும். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் தாமாகவே வரும். அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால், பயந்து எழுந்த கூட்டமும் திரும்பி இறங்கும். மணலில் நடக்க முடியாத தாத்தாவுக்கும் முழங்கால் வலிக்கும் பாட்டிக்கும் இந்த வேலை நன்றாக வரும். ஆனால் நம் வேன்களில் அவர்களுக்குத்தான் இடம் இருப்பதில்லை. "உங்களுக்கு அலைச்சல் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லி, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்களைத் தனியே விட்டுப் போகிறோம். தந்தை முதுமையடைந்து அறிவு தளர்ந்தாலும் பொறுமையாயிரு, உனக்கு வலிமை இருக்கிறது என்பதால் அவரை இகழாதே என்று இன்றைய முதல் வாசகம் நம்மிடம்தான் சொன்னது.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் கடற்கரைக்குப் போகிற ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் உள்ள மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் ஏறுமுன், பறவைகளிலிருந்து தள்ளி ஓர் இடம் பார்த்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பேரப்பிள்ளையை அவர் பக்கத்தில் விடுங்கள். கைப்பேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரும் பார்த்து முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். மடக்கு நாற்காலி இல்லாத வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பங்கு மன்றத்தில் இருக்கிறது. திருப்பலி முடிந்ததும் கோவில்பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.